தொமோயோ அக்கா வெளுத்த இரவல் அணி

சூரியன் கிழக்கே உதிக்கப் பூமி சுற்றுவதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் பாதியில் நின்றுவிட்டதால் மீதிப் பாடம் தெரியாது. ஆனால் எங்கள் ஒகிநோசே ஊரில் யாரைக் கேட்டாலும் உண்மையைச் சொல்வார்கள். மினெகிஷி தொமோயோ அக்கா சலவைக்கடையின் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தத்தில்தான் ஜப்பானுக்கே விடிகிறது. சூரியன் சோம்பல் பட்டால் அதையும் பிடித்து முக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மேலே மாட்டிவிடுவார். அவர் கையால் பெயர் எழுதப்பட்ட ஆட்டக்காரன் எவனுக்கும் கால் சுளுக்கியதே இல்லை. (சுளுக்கியிருக்கிறது. போன வருடம் மட்டும் நாலு பேருக்கு. அதை விடுங்கள்.)

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. அத்தை என்று கூப்பிட்டால் காது கேட்காது. பகலில் ஊர் அழுக்கை வெளுப்பார். குளிர்காலம் வந்துவிட்டால் கூடவே இன்னொரு வேலை. மூடிப்போன வெந்நீர் விடுதி ஒன்று திரும்ப வாங்காமல் விட்ட படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, எங்கள் கால்பந்து அணியான ‘கானாங்கெளுத்திகள்’ ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் நீல வண்ணத்தில் பெரிதாக எழுதுவார். முதல் ஆட்டத்தன்று அந்தத் துணிகள் கோலுக்குப் பின்னால் கம்பியில் தொங்கும். நம் ஆள் ஒருவன்கூட அன்றைக்குப் பெயரில்லாமல் இருக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

இந்த வருடம் அந்தச் சட்டத்துக்குத்தான் சோதனை வந்தது. கோல் அடித்தவனை முதல் பிரிவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கோலைத் தடுத்தவன் ஓய்வு பெற்றான். நடுவில் நின்ற தலைவன் பக்கத்து ஊர் அணிக்கே போய்விட்டான். அவன் பெயரை இந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை. இடத்தை நிரப்ப வந்தவர்களில் பாதிப்பேர் வேறு அணிகள் ஒரு வருடத்துக்கு இரவலாகக் கொடுத்த பையன்கள்.

மாவட்டப் பத்திரிகை இரண்டாம் பிரிவின் இருபது அணிகளையும் அலசி, யார் எந்த இடத்தில் முடிப்பார்கள் என்று கணித்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு குசாகா பெரியப்பா கடைக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மைதானத்தில் எங்கள் பக்கத்துப் பெரிய முரசு அவருடையது.

“பாத்தியா தொமோயோ? இருபதுல இருபதாவது. நமக்குக் கீழ தரை மட்டும்தான் இருக்கு.”

“தரைலதானே பந்து ஆடறாங்க? அப்புறம் என்ன?”

“கேலி பண்ணாத. ‘இரவல் சட்டை போட்ட அணி’ன்னு எழுதியிருக்கான்.”

“எழுதினவன் சட்டையக் கொண்டு வரச் சொல்லு. காலர்ல எவ்வளவு அழுக்குன்னு நான் எழுதறேன்.”

மறுநாளிலிருந்து அக்காவின் தூரிகைக்கு வெறி பிடித்தது. வந்த புதுப் பையன்களிலேயே வாய் திறக்காதவன் ஐசோமே. பத்தொன்பது வயது, முன்வரிசை. இந்த வருடம் எங்களுக்குக் கோல் என்று ஒன்று விழுந்தால் அவன் காலிலிருந்துதான். அவனுக்கென்று எல்லாவற்றிலும் பெரிய துணியாக எடுத்து, ‘ஐசோமே, இன்று வலையைக் கிழி’ என்று எழுதி, காய்வதற்காகக் கடை முகப்பில் தொங்கவிட்டார். துறைமுகத்தில் இருந்து பார்த்தாலே தெரிந்தது.

பெரியப்பா வந்தார், அண்ணாந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“தொமோயோ, முதல் ஆட்டம் யார் கூட?”

“மினகவா கூட.”

“இவன இரவல் குடுத்தது யாரு?”

கொடுத்ததும் அதே மினகவாதான். இரவல் போனவன், கொடுத்த அணிக்கு எதிராக ஆடக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. அதாவது வலையைக் கிழிக்கவேண்டிய அன்று ஐசோமே பார்வையாளர் பக்கம் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பான். மீன் சந்தை முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான். எனக்குக் கால்பந்து ஒரு பொருட்டே இல்லை. மைதானத்துக்கு நான் போவது மீன் சூப் குடிக்கவும், பெரியப்பாவின் முரசுக் கோலை ஒளித்து வைக்கவும்தான்.

“சுருட்டி வை. ரெண்டாவது ஆட்டத்துல கட்டிக்கலாம்” என்றார் பெரியப்பா.

“முதல் நாள் எல்லார் பேரும் தொங்கும்.”

“மினகவாக்காரன் வாய்விட்டுச் சிரிப்பான்!”

“சிரிக்கட்டும். பல்லு தெரியும், நமக்கென்ன?”

அன்று மாலையே ஐசோமே கடைக்கு வந்தான். கையில் கோட்டு. உட்காரப் போகிறவனுக்கு அதுதானே சீருடை. தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அந்தத் துணி வேண்டாங்க. நான் எப்படியும் அடுத்த வருஷம் திரும்பிப் போற ஆளு. எனக்காக நீங்க எதுக்கு...”

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, இந்தக் கடைக்கு வர்ற துணி எல்லாமே திரும்பிப் போறதுதான். அதுக்காக வெளுக்காம விட்டிருக்கேனா? கோட்ட வச்சிட்டுப் போ. சனிக்கிழமை ரெடியா இருக்கும்.”

அவன் போன பிறகு அக்கா அந்தத் துணியைத் தானே சுருட்டிப் பின்னறையில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தார். ‘இன்று’ என்ற அந்த ஒரு சொல் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அடித்துத் திருத்தவும் மனம் வரவில்லை. எழுதியது எழுதியதுதான், அப்படியேதான் தொங்கும்.

ஆட்ட நாளில் பனி பெய்தது. துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டினோம். ஐசோமேயின் துணி விரிந்ததும் பெரியப்பா முரசை அடிக்க மறந்தார். ‘ஐசோமே, இன்று வலையைக் கிழி’ என்பதற்குக் கீழே யாரோ ஒரு கிறுக்கு, கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தது: ‘இன்று இவருக்கு விடுப்பு. அடுத்த வாரம் வந்து கிழிப்பார்.’

முதலில் எங்கள் பக்கம் சிரித்தது. பிறகு எதிர்ப்பக்கம், மினகவாக்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே அவன் பெயரைச் சொல்லிக் கைதட்ட, எங்கள் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். கோட்டு போட்ட பையன் எழுந்து அந்தப் பக்கம் ஒரு முறை, எங்கள் பக்கம் ஒரு முறை குனிந்து வணங்கினான். எங்கள் பக்கம் குனிந்தவன் நிமிர நேரமானது.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அன்றிரவு பட்டியலில் நாங்கள் இருபதாவது இல்லை. அக்கா பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மைதான வாசலில் ஆதரவாளர்கள் கொடுக்கும் துண்டுத்தாளுக்காக நான் எழுதியது இவ்வளவுதான். அச்சுக்குப் போகும் முன் அக்காவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. யாரோ ஒரு கிறுக்குன்னு போட்டிருக்கியே, அது யாருடி இபுகி?”

“யாருக்குத் தெரியும்க்கா? குடிச்சிட்டு எவனாவது எழுதியிருப்பான்.”

அக்கா கொக்கியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசையில் போட்டார்.

“உன் மாமா பேர்ல வெளுக்க வந்துச்சு. உன் மாமா இதப் போட்டா கை முழங்கையோட நின்னுடும். ஓரத்துல இது என்ன நீலம்?”

“அவரு... கதவுக்குப் பெயின்ட் அடிச்சாரு.”

“பனி, மழை, உப்புக்காத்து எதுக்கும் போகாத நீலம்னு தேடித்தேடி வாங்கினவ நான். இந்த ஊர்ல எந்தக் கதவுலயும் அது கிடையாது.”

“வெளுக்க முடியாதாக்கா?”

“முடியும். மாட்டேன்.” தாளை என்னிடம் நீட்டினார். “கால்பந்து ஒரு பொருட்டே இல்லன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரிய மட்டும் அடி. நான் தப்பா எழுதினத தொங்கவிடுவேன். பொய்யத் தொங்கவிட மாட்டேன்.”