இரண்டு வாளி வெல்லத் தண்ணீர்

அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் மயில்சாமிக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆபரேட்டர் வேலை. அவரைக் கேட்டால், பல கோடிப் பேருக்குச் சோறு போடுகிறேன் என்பார். மிகையில்லை. சாயத் தண்ணீர் வந்து விழும் பெரிய தொட்டியில் பாக்டீரியாக்கள் குடியிருந்து, அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அழுக்கைப் பட்டறை கொடுக்கிறது. அவை மூச்சுவிடக் காற்றைப் புளோயர் என்னும் இயந்திரம் ஓயாமல் தொட்டிக்குள் ஊதுகிறது. தீனியும் காற்றும் ஒன்றுக்கொன்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது மயில்சாமி.

தீபாவளி வந்தால்தான் சங்கடம். பட்டறைக்குப் பத்து நாள் லீவு. பீகார்க்காரர்கள் ரயிலேறுவார்கள், தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறுவார்கள், முதலாளி ஊட்டிக்குப் போவார். பாக்டீரியாவுக்குச் சொந்த ஊர் கிடையாது. சாயத் தண்ணீர் நின்றதும் பட்டினிதான். செத்துப்போனால் மறுபடி வளர்க்க மாதக்கணக்காகும், அதுவரை பட்டறை திறக்காது. ஆகவே மயில்சாமி தினம் இரண்டு வாளி வெல்லத் தண்ணீர் கரைத்து ஊற்றுவார். இப்படிப் பதினோரு தீபாவளிக்கு அவர் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

"ஏனுங்க, அதுங்க உங்களுக்கு மாமனா, மச்சானா?" என்று மனைவி சுப்பாத்தாள் கேட்டாள். 

பன்னிரண்டாம் தீபாவளிக்கு வாளிகளை வாட்ச்மேன் ஜெபக்குமாரிடம் ஒப்படைத்துவிட்டு, மாமனார் ஊரான வெள்ளகோவிலுக்குப் போனார். ஜெபக்குமார் திருநெல்வேலிப் பக்கம். வந்தவரைச் சாப்பிடவைக்காமல் அனுப்பாத வம்சம். இந்தத் தகுதியின் ஆபத்து அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளகோவிலில் காற்று சுத்தமாக இருந்தது. மத்தியானத்துக்குள் மயில்சாமிக்குத் தலைவலி. ஒரு சூழலில் ஊறிப்போன உயிரைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் வாடத்தான் செய்யும். புளோயர் இரைச்சல் இல்லாததால் உண்ட மயக்கம்கூட வரவில்லை. அடுக்களையில் மிக்ஸி ஓடிய நான்கு நிமிடம் மட்டும் கண்ணயர்ந்தார்.

மூன்றாம் நாள் விருந்தில் இலை போட்ட பிறகு ஜெபக்குமாருக்குப் போன் போட்டார்.

"கவலையே படாதீய சார்," என்றார் ஜெபக்குமார். "நல்ல நாளும் அதுவுமா ரெண்டு வாளி அளந்து ஊத்தவா மனசு வரும்? மூட்டையோட கரைச்சு ஊத்திட்டேன். மிஞ்சின ஸ்வீட் பாக்ஸையும் பிரிச்சுப் போட்டாச்சு. எல்லாரும் நல்லா சாப்பிடுதாவ. நுரை பொங்கிக்கிட்டு நிக்கி."

மயில்சாமி எழுந்துவிட்டார். மாமியார் பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றார். சுப்பாத்தாள் திட்டவில்லை. பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "பாதிப் பந்தியில எந்திரிச்ச மாப்பிள்ளைங்கற பேரு ஒண்ணுதானுங்க பாக்கி இருந்துச்சு. போயிட்டு வாங்க."

விஷயம் இதுதான். தீனி மலையாகக் குவிந்தால் பாக்டீரியாக்கள் தின்று பெருகும். தின்னும் ஒவ்வொன்றுக்கும் மூச்சும் வேண்டும். இருநூறு பேர் மண்டபத்தில் இருபதாயிரம் பேர் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டால் என்ன ஆகும்? காற்று தீர்ந்தது. நல்லவர்கள் மூச்சுமுட்டிச் சாய, காற்றே வேண்டாத வேறொரு கூட்டம் தொட்டியைப் பிடித்துக்கொண்டது.

காப்பி நிறத்தில் இருக்கவேண்டிய தொட்டி கறுத்துக் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம் கேட்டிலேயே வரவேற்றது.

"செரிக்கலையோ சார்? ஓமத் தண்ணி ஊத்தவா?" என்றார் ஜெபக்குமார், மெய்யான வருத்தத்தோடு.

பட்டறை திறக்க இன்னும் ஏழு நாள். மயில்சாமி தீனியை நிறுத்தினார். உபரி புளோயரையும் ஓடவிட்டார். ஆனால் தயிர் தோய உறை வேண்டுமே. பாக்டீரியா உயிரோடிருக்கும் சகதி பக்கத்துப் பட்டறையில்தான் இருந்தது. அங்கே ஆபரேட்டர் ஆறுச்சாமி. தன் தொட்டியின் காப்பி நிறமே உசத்தி என்று டீக்கடையில் அவர் சொன்ன நாள் முதல் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மயில்சாமி போய் நின்றார். ஆறுச்சாமி ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நிற்கவைத்தார்.

"ரெண்டு டேங்கர் எடுத்துக்குங்க," என்றார் பிறகு. "ஆனா இது பொண்ணு குடுக்கற மாதிரிங்க. சோத்தப் போட்டே கொன்னுபோட்டீங்கன்னா, நாயங் கேக்க வந்துருவனுங்க."

ஏழாம் நாள் காலை தொட்டி காப்பி நிறத்தில் புரண்டது. மழை பெய்த மண் வாசம் வந்தது. பட்டறை திறந்தது. ஊட்டியிலிருந்து திரும்பிய முதலாளி, லீவெல்லாம் நல்லபடியாகப் போச்சா என்று விசாரித்தார். போச்சுங்க என்றார் மயில்சாமி.

சுப்பாத்தாள் போன் செய்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, "கலரு வந்துருச்சுங்களா?" என்றாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஆறுச்சாமி வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிறார். "எளைச்சாப்புல தெரியுதுங்களே, சம்பந்தி," என்கிறார். பெண் கொடுத்த வீட்டாருக்குரிய மரியாதையோடு அவருக்கு வடையும் டீயும் நடக்கிறது. பொங்கலுக்கு இரண்டு தொட்டிக்கும் அவரே பொறுப்பு. வெல்ல மூட்டை இருக்கும் அறையின் சாவியும் அவரிடம்தான். ஜெபக்குமாருக்கு அந்தப் பக்கம் போக அனுமதியில்லை.

மயில்சாமி வெள்ளகோவில் போகிறார். புளோயர் இரைச்சலை ஒரு மணி நேரத்துக்குச் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறார்.