கண்ணூறு படாத பிள்ளை

தொண்ணூறுகளிலை நாங்கள் ஊரை விட்டு வந்து வெக்ஸ்போர்ட் எண்ட இடத்திலை ஒரு அபார்ட்மென்டிலை இருந்தனாங்கள். பக்கத்து வீட்டிலை ஜமேக்காக்காரக் குடும்பம். அவையின்ரை மகள் மார்சியாவும் என்ரை மகளும் ஒரே வகுப்பு. ரெண்டு பேரும் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருந்தினம்.

நான் அதைப்பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. முடிவு வர முதல் சொன்னால் கண்ணூறு படுமெல்லோ! மார்சியாவின்ரை தாய் எண்டால் லிஃப்டிலை கண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சா. கிடைக்காட்டில் எவ்வளவு வெக்கம் எண்டு எனக்குள்ளை நினைச்சன்.

மார்சியாவுக்குக் கிடைக்கேல்லை. என்ரை மகளுக்கு இன்னும் முடிவு வரேல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் தங்கடை சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். கறுப்பினச் சனத்தாலை நிரம்பின சேர்ச். மார்சியா முன்னுக்குப் போய் நிண்டு, "எனக்குக் கிடைக்கேல்லை. அடுத்த வருஷம் திரும்பவும் அப்ளை பண்ணுவன்" எண்டாள்.

தொப்பி போட்ட ஒரு மனுசி எழும்பி, "அவள் எங்கடை பிள்ளை!" எண்டு கத்திக் கை தட்டினா. முழுச் சேர்ச்சும் எழும்பிச்சுது. இன்னொருத்தர், அவளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தாறன் எண்டார். மார்சியா அழுதுகொண்டே நிமிர்ந்து நிண்டாள். நானும் எழும்பிட்டன். பெத்தவள் மாதிரிப் பெருமையா இருந்துது.

எல்லாரும் ஒண்டாத் திரும்பி வரேக்கை பஸ்ஸிலை மகள் என்ரை காதுக்குள்ளை கேட்டாள்: "அம்மா, எனக்குக் கிடைக்காட்டில் ஆர் எழும்புவினம்? நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

வீட்டை வந்து லிஃப்டிலை ஏறினவுடனை, நிண்ட எல்லாருக்கும் கேக்கச் சொன்னன்: "என்ரை மகளும் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கிறாள்!"

முதல் கை தட்டினவள் மார்சியா.