உடல்நிலை காரணமாக

ராசுண்ணே, நீ போய்விட்டாய் என்று உன் மகன் மதுரையிலிருந்து போனில் சொன்னபோது நான் ஆர்.கே.புரத்தில் என் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மிச்சக் கீரையையும் ஆய்ந்து வைத்துவிட்டுத்தான் அழுதேன்.

டெல்லியில் அவரோடு பழகி, இந்த அஞ்சலி மலரைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் அவர் முன்னாள் மத்திய இணை அமைச்சர். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன். அண்ணி இறந்த பிறகு, டெல்லியில் அவருக்குக் கொடுத்திருந்த சர்க்கார் பங்களாவில் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான். அஞ்சாவதோடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது கூட்டணி ஆட்சிக் காலம். மந்திரிகள் பாதியிலேயே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்சி ஆதரவை வாபஸ் வாங்கியதால் ஒருத்தர் போவார், வழக்கில் பெயர் வந்ததால் இன்னொருத்தர் போவார். பக்கத்து பங்களாவில் லாரி வந்து நின்றால் அண்ணன் சிரிப்பார். "ஏத்தா, நம்ம பாத்திரத்துல எல்லாம் பேர் வெட்டி வையி. மாறிப் போயிரப் போகுது."

ஒரு மத்தியானம் கட்சித் தலைமையிலிருந்து போன் வந்தது. பேசி வைத்தார், சட்டை மாற்றினார், போய் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் பேப்பரில் 'உடல்நிலை காரணமாக' என்று போட்டிருந்தது. அன்று காலையில்தான் அஞ்சு தோசை சாப்பிட்டிருந்தார்.

பேப்பரை நம்பி நம் ஜனங்கள் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்துவிட்டார்கள். கேட்டில் ஆட்டோ சத்தம் கேட்டால் அண்ணன் ஓடிப்போய்ப் படுத்துப் போர்த்திக்கொள்வார். டெல்லி மே மாத வெயிலில் கம்பளி. மலை மந்திர் முருகன் கோயில் விபூதியை நெற்றியில் இட்டுவிட்ட ஒரு மாமி, "நன்னா வேர்த்திருக்கு. ஜுரம் விட்டுடுத்து" என்று நிம்மதியாகக் கிளம்பினார். அண்ணன் உடனே எழுந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, ரெண்டு வடை போடுறியா?"

"சீக்காளிக்குக் கஞ்சிதாண்ணே."

"கஞ்சி பேப்பர்காரன் வந்தா குடு. எனக்கு வடை."

ஆனால் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். "எதுலயாவது கை வச்சிருப்பாரு. சும்மாவா எறக்குவாங்க?" பாதிப் பந்தியிலேயே எழுந்துவிட்டேன். டெல்லிக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"போடக்கூடாத ஃபைல்ல கையெழுத்துப் போட்டியா, இல்ல போட மாட்டேன்னு சொன்னியா?"

"பதவி குடுத்தப்ப ஏன் குடுத்தாங்கன்னு கேட்டியா?" என்றார். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

பங்களாவைக் காலி செய்தபோது, சர்க்கார் ஜன்னல் துணி ஒன்று எங்கள் மூட்டையோடு வந்துவிட்டது. "கெடக்கட்டும்ணே, யாரு கேக்கப் போறா" என்றேன். மறுநாளே அதைத் திருப்பிக் கொடுக்க மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கார் போன பிறகு அதுதான் முதல் பஸ். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். கண்டக்டருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தப் பஸ் பயணம்தான். தப்புப் பண்ணினவர் ஒரு பழைய துணிக்காக அத்தனை தூரம் போவாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஆனாலும் ராசுண்ணே, அன்றைக்கு அந்தப் போனில் உன்னிடம் என்னதான் சொன்னார்கள்?