வாசலில் இரண்டு ஜோடி

செல்வம் அண்ணே, நம்ம வீட்டு ஓனரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பென்னலூரில் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். லுங்கியும் தோளில் துண்டுமாக, தினம் காலையில் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து செருப்பைப் பார்ப்பார். புதிதாக வீடு கட்டிய ஒருவருக்கு ஒருநாள் சொல்லிக்கொடுத்தார்: "ஆளக் கேட்டா பொய் சொல்லுவானுங்க. செருப்ப பாரு. ரூமுக்கு ரெண்டு ஜோடி. மூணாவது கெடந்தா கூப்ட்டுக் கேளு. தண்ணி தாங்காதுப்பா."

அன்றைக்கு நீ ஷூ போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாய். வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதிவிட்டது. உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தனி ஆளுக்கு அங்கே ரூம் கிடையாது. உன் பாயில் இன்னொருவர் படுப்பாரே என்று மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

புரோக்கர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்த ரூம்ல ஒருத்தன்தானே கீறான்?"

ஓனர் குனிந்து பார்த்தார். "இன்னாய்யா, கண்ணு தெரியல? ரெண்டு ஜோடி கீது பாரு. ஃபுல்லு. கெளம்பு."

உன் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியேற்றி ஊருக்கு அனுப்பியவரே அவர்தான்.

படிக்கிற எல்லோரும் எங்கள் செல்வம் அண்ணனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.