ஜப்பான் மாஸ்டர் எறிஞ்ச துவாய்

அதைத்தானே சொல்ல வந்தனான் பிள்ளை, என்ர மூத்தவளுக்குக் கிக் பொக்சிங் பழக்கினவர் ஒரு ஜப்பான்காரர். இஞ்ச லண்டனில, ஈஸ்ட் ஹாமிலதான். அந்த நாளில பஸ் ஸ்டாப்பில மொட்டையடிச்ச வெள்ளைக்காரப் பெடியள் எங்கட ஆக்களுக்கு மேல துப்புவாங்கள், அதாலதான் நானே பழக விட்டனான். அவர் ஜப்பானில பெரிய சம்பியனாம். எண்டாலும் பழக்க முன்னம் தானே முழங்காலில இருந்து நிலம் துடைப்பார்!

ஒருநாள் இவளுக்குப் போட்டி. மூக்கால ரத்தம் ஒழுக ஒழுக நிண்டு அடிக்கிறாள். திடீரெண்டு மாஸ்டர் வேர்வை துடைக்கிற துவாயைச் சண்டை மேடைக்குள்ள எறிஞ்சார். கை தவறி விழுந்திட்டுதாக்கும் எண்டு நான் கயித்துக்குள்ளால கையை விட்டு எடுத்து, உதறி, மடிச்சு அவரிட்டக் குடுத்தன். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது! துவாய் எறிஞ்சால் சண்டையை நிப்பாட்டச் சொல்லுறதாம். எனக்கென்ன தெரியும்?

"நான் வெல்லப் போனனான், ஏன் மாஸ்டர் நிப்பாட்டினீங்கள்?" எண்டு இவள் கத்தினாள். அவர் தன்ர இடக்கண்ணைத் தொட்டார். "இந்தக் கண் தெரியாது. என்ர மாஸ்டர் அண்டைக்குத் துவாய் எறியேல்லை" எண்டார். இவள்தான் எனக்குத் தமிழில சொன்னவள், சொல்லிப்போட்டு அவருக்குக் குனிஞ்சு வணக்கம் வைச்சாள். ஒற்றைக் கண்ணோடயே பிள்ளை, அந்த மனுசன் இவ்வளவு நாளும்... ஐயோ, பருப்புப் பொங்குது! பொறு, இறக்கிப்போட்டு வாறன்.