கழற்றிக் கொடுத்த தாலிக்கொடி

எனக்குத் தொழில் பூமிக்குத் துளை போடுவது. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டே பாதி ஆயுள் கழிந்தது. எங்கள் பக்கத்தில் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் தோட்டம் காடு முழுக்க நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் நாங்கள் ரிக்கை நிறுத்த வேண்டும். சில இடங்களில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பல இடங்களில் கல்தூள் புகைதான் மிச்சம். புகை வந்தால் தேங்காய்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், திட்டு வாங்குவது ரிக்குக்காரன்தான். அதனால் உள்ளே இருப்பதை வெளியே நின்றுகொண்டு பார்த்துச் சொல்கிற யாரையும் நான் லேசில் நம்பமாட்டேன்.

என் மனைவிக்கு இடுப்பு வலி வந்தபோது நாங்கள் மல்லசமுத்திரத்துப் பக்கம் குடியிருந்தோம். அவள் விசைத்தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள். "நின்னு நின்னு இடுப்பு உட்டுப்போச்சுங்க, வேறொண்ணுமில்ல" என்பாள். தைலம் தேய்த்தாள், பற்றுப் போட்டாள். இன்னொன்றும் இருந்திருக்கிறது. தீட்டு நின்று பல வருடம் ஆன பிறகு மறுபடியும் பட ஆரம்பித்திருந்தது. அதை என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. ஒரு கால் மட்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனோம். அவர் சேலத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்.

முதல் ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் அதற்குப் பின்னால் இருப்பது தெரியுமாம். பாட்டிலை நீட்டிய என்னைப் பார்த்து, "ஊரெல்லாம் தண்ணி பாத்துக் குடுத்தீங்க, இப்ப எனக்குள்ள பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "கிட்னி வீங்கியிருக்குங்க. கீழ ஏதோ ஒண்ணு மூத்திரக் குழாயை அமுக்குது. அது என்ன, எதுவரைக்கும் போயிருக்குன்னு இதுல முழுசாத் தெரியாது. எம்.ஆர்.ஐ. பார்த்தாகணும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம்பலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாகவும் இருந்தது.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு பெண் நின்று, தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். என் மனைவி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன வேணாலும் கழட்டறேன் சாமி. இதை மட்டும் கேக்காதீங்க."

"உள்ள இருக்கறது பெரிய காந்தம்மா. அந்தக் கொடியில மாட்டியிருக்கற ஊக்கைப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு உள்ள போனாலும் பிச்சுக்கிட்டுப் பறக்கும்."

அவள் தாலிக்கொடியில் எப்போதும் ஊக்குகள் தொங்கும். யாருக்காவது சேலைத் தலைப்பு கிழிந்தாலும், எனக்குக் காலில் முள் ஏறினாலும், அவள் கை முதலில் கழுத்துக்குத்தான் போகும். அவற்றைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம் புள்ள, எல்லாரும் காத்துக் கெடக்கறாங்க. கழட்டு."

"கழட்டுன நேரத்துல உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

உள்ளே படுக்கப்போவது அவள். ஆபத்து எனக்கு வந்துவிடுமாம்! எழுந்து வெளியே போனேன். எதிரே இருந்த பெட்டிக்கடையில், பழச்சாறு பாட்டிலுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே, மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே மஞ்சள் கிழங்கும். எத்தனையோ பெண்கள் அந்த வாசலில் இதே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கி வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே கட்டுங்க."

அத்தனை பேர் பார்க்க, ஸ்கேன் அறை வாசலில் அவள் கழுத்தில் இரண்டாம் முறையாக முடிச்சுப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கொடியைக் கழற்றினாள். சட்டைப் பைக்குள் போடப் போனேன். "பையில வேண்டாங்க. கழுத்துல போட்டுக்குங்க. கீழ உழுந்துரப் போவுது" என்றாள். சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ஊக்குகள் நெஞ்சில் குத்தின.

கதவு மூடியதும் உள்ளிருந்து சத்தம் வந்தது. தட தடவென்று, ரிக்கின் துளைமுனை, அந்த பிட்டு, கல்லில் இறங்குகிற மாதிரி. வெளியே வந்தவள் முகம் தெளிவாக இருந்தது. "உங்க ரிக்கு மாதிரியேதான் சத்தம். நீங்க பக்கத்துல நிக்கறாப்பல இருந்துச்சு. பயமே இல்லீங்க" என்றாள். வாழ்க்கையில் அந்தச் சத்தத்துக்காக என்னைத் திட்டியவர்கள்தான் அதிகம். எனக்கு அழுகை வந்தது, கண்ணில் தூசி என்றேன்.

படத்தை டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். கர்ப்பப்பை வாயில் கட்டி, அது பக்கத்தில் பரவி மூத்திரக் குழாயை நெரித்திருந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததிலும் புற்றுநோய்தான் என்று உறுதியானது. "ஆபரேஷன் பண்ற கட்டத்தைத் தாண்டிடுச்சுங்க. ரேடியேஷன், கரண்டுன்னு சொல்வாங்களே, அதை வைக்கலாம், கூடவே மருந்தும் ஏத்தலாம். எங்க வைக்கணும், எதைத் தொடக்கூடாதுன்னு படம் சொல்லுது" என்றார். முதல் வேலையாக எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே மூத்திரக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை விட்டார்கள். கிட்னி பிழைத்தது. பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்து, கரண்டு பாய வேண்டிய இடத்தை அளந்து, வயிற்றிலும் இடுப்பிலும் மையால் கோடு போட்டு அனுப்பினார்கள். கோடு அழியக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அவள் வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டாள். புதுக்கயிறு ஏறிய கழுத்துக்கு மஞ்சள் இல்லாமல் எப்படி என்பது அவள் நியாயம். அடுத்த முறை போனபோது கோடு இருந்த இடத்தில் பளபளவென்று மஞ்சள்தான் இருந்தது. கோடு போட்டுவிட்ட பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அளவு கொஞ்சம் தப்பினாலும் குடல்ல பட்டுரும்மா!" மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கோடு, மறுபடியும் கொடி என் கழுத்துக்கு. "கோலம்னா அழிச்சுப் போடலாம், இதையுமா?" என்று கேட்டேன். "நல்ல நாள்ல அழிஞ்சா நல்லதுதான்" என்றாள். அவளைப் பேச்சில் ஜெயிக்க முடியாது.

கரண்டு வைத்து முடித்த பிறகு நல்ல நாட்கள் வந்தன. தீட்டுப் படுவது நின்றது. கால் வீக்கம் வடிந்து மறுபடி செருப்புப் போட்டாள். நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என்னோடு பஸ்ஸில் வந்து, பந்தியில் உட்கார்ந்து, ரசம் நீர்த்துவிட்டது என்று குறை சொன்னாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அந்தப் படங்கள் இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்த்திருந்தால் அந்த ரசம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

மழைக்காலம் முடியும்போது இருமல் வந்தது. உடம்பு முழுக்கப் பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். அவள் வெளியே வந்ததும், வழக்கம்போலக் கொடியைக் கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு என் கழுத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டாள்.

"இருக்கட்டுங்க. கனமா இருக்குது. எனக்குக் கயிறே போதும்."

அப்போது படத்தை டாக்டர்கூட இன்னும் பார்த்திருக்கவில்லை. நுரையீரலிலும் ஈரலிலும் பரவியிருக்கிறது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே, ஒரு காலை நேரத்தில் போனாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்த பெண்கள் தாலிக்கொடி எங்கே என்று தேடினார்கள். நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். கூட்டத்தில் யாரோ, "புண்ணியவதி, பூவும் பொட்டுமாப் போயிட்டா" என்றார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்திருந்தால்தானே புண்ணியம்! கொடியை அவள் கழுத்தில் போடுவதற்கு முன்னால் ஊக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே எதையும் கொண்டுபோகக்கூடாது என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

சுடுகாட்டில் கொடியைக் கழற்றி வந்து, வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகளிடம் கொடுத்தார்கள். மஞ்சள் கயிறு என் மனைவியோடு போனது. ஊக்குகளில் ஒன்றை என் பனியனில் மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் எனக்கு இருமல் நிற்கவில்லை. கல்தூள் தின்ற நெஞ்சு, பார்த்துவிடலாம் என்று டாக்டர் எக்ஸ்ரே எழுதினார். அதே இடத்துக்குத்தான் தனியாகப் போனேன். சட்டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, நெஞ்சைப் பலகையில் அழுத்தி, மூச்சைப் பிடித்து நின்றேன். படம் எடுத்த பெண் புதியவள். திரையைப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, பனியன்ல ஊக்கு இருக்குதுங்களா? படத்துல உழுந்திருக்குது பாருங்க."

பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவில், இருதயத்தின் ஓரத்தில், ஊக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அது மறைக்குதுங்கய்யா, இன்னொண்ணு எடுக்கோணும். கழட்டி, வெளிய கூட வந்தவங்ககிட்டக் குடுத்துட்டு வாங்க."

கழற்றினேன். கதவுவரை போனேன். நாற்காலிகள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.