ஐந்து நீலக் கோட்டுகள்

அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டு. பளபளக்கிற நீலம், கழுத்துப்பட்டியில் கறுப்பு சாட்டின். அதைப் போட்டுக்கொண்டுதான் அம்மாவோடு முத்தியால்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். நாற்காலியில்கூட முதுகை வளைக்காமல் உட்காருவார். எனக்கு மில்லில் எழுத்தர் வேலை என்று அம்மா சொன்னாள். அந்த வேலையை விட்டுவிட்டு நான் பாட்டே கதி என்று கிடந்ததை அவளும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேடையில் மட்டும் நன்றாகத் திறக்கிற வாய்.

நாங்கள் ஐந்து பேர். இரண்டு கிதார், ஒரு அக்கார்டியன், ஒரு டிரம், முன்னால் நான். சைகோனிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு ராக் அண்ட் ரோல் பாடினோம். பெரிய வீட்டுக் கல்யாண விருந்து என்றால் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். மேடையில் இடுப்பை ஆட்டும்போது வராத வெட்கம், சம்பந்தம் பேசும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து தொலைத்தது.

காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் என்னை மருமகனாகவே ஆக்கிக்கொண்டார். கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல தையல். எங்க தைச்சீங்க, மாப்ளே?" என்றார். தெரிந்த தையல்காரர் என்றேன். அதே துணியில் அவர் இன்னும் நான்கு கோட்டு தைத்திருந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நெல்லித்தோப்பில் ஒரு கல்யாணம். பாதிப் பாட்டில் இருந்தேன். வாசலில் பெண்ணின் அப்பா வந்து நின்றார், பின்னால் மகள். அவர் முதலில் பார்த்தது டிரம் அடிப்பவனின் கோட்டை. பிறகு கிதார்க்காரர்களின் கோட்டை, அக்கார்டியன்காரனின் கோட்டை. கடைசியாக என் கோட்டில் வந்து நின்றது அவர் பார்வை. நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பாடிக்கொண்டே இருந்தேன்.

பாட்டு பிடித்துப்போனால் பாடுகிறவன் மார்பில் ஒரு நோட்டை ஊக்கால் குத்துவது அந்த விருந்துகளில் வழக்கம். அவர் நேராக என்னிடம் நடந்து வந்தார். சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பாட்டு முடியும்வரை காத்திருந்து, அந்த நல்ல தையலிலேயே ஒரு நோட்டைக் குத்தினார்.

"நல்லாப் பாடுற, தம்பி."

"மெர்சி, முசே" என்றேன். பணம் குத்துகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகிய வாய் அவருக்கும் சொல்லிவிட்டது. சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று புரிந்தது.

அதற்குள் மற்றவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பினேன். அவருடைய மகள் நாற்காலி நுனிக்கு வந்து, செருப்பு முனையால் தாளம் போட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்ததைத்தான் நான் அவர்கள் வீட்டில் மறைத்திருந்தேன்.